நடை போய்வந்ததும் கட்டிலடியில் குளம்: சிட்டுவைப் பழக்கிய ஏழு வாரங்கள்

எங்கள் நாய் சிட்டுவும் நானும் நாற்பது நிமிடம் நடந்துவிட்டு வந்தோம். வழியில் இருந்த கம்பம், கல், மரம் ஒன்றையும் விடாமல் மோந்து பார்த்தாள், ஆனால் ஒரு சொட்டுகூட விடவில்லை. வீட்டுக்குள் வந்து கயிற்றைக் கழற்றியதும் நேராகப் படுக்கையறைக்குப் போனாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு எட்டிப் பார்ப்பதற்குள் கட்டிலடியில் குளம் கட்டியிருந்தது. சிட்டு சுவரோரம் காதை மடக்கிக்கொண்டு நின்றாள். அவள் எங்களிடம் வந்த நான்காவது நாள் அது. அன்று நான் கத்திவிட்டேன். அந்த ஒரு கத்தலைச் சரிசெய்யத்தான் பின்னால் அதிக நாள் பிடித்தது.

சிட்டுவுக்கு மூன்று வயது, 14 கிலோ, கருத்தடை ஆனவள். முன்பு இருந்த இடத்தில் ஒரு கொட்டகையில், சிமெண்ட் தரையில் கட்டிப்போட்டே வளர்த்திருக்கிறார்கள். சாப்பாடு, தூக்கம், ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் அந்தக் கயிறு எட்டிய தூரத்துக்குள்தான்.

நான் தேடிப் படித்த குறிப்புகள் பெரும்பாலும் குட்டி நாய்க்கானவை. குட்டிக்குச் சிறுநீரை அடக்கும் திறனே வளர்ந்திருக்காது. எத்தனை மாத வயதோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. மூன்று மாதக் குட்டி என்றால் மிஞ்சிப்போனால் நாலு மணி நேரம். சிட்டு விஷயம் வேறு. நடை முழுக்க அடக்கிக்கொண்டு வீடுவரை வருகிறாள் என்றால் அடக்க நன்றாகவே தெரிகிறது. எங்கே விடுவது என்பதில்தான் குழப்பம்.

ஆனாலும் பழக்கத்தைக் கையில் எடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சிறுநீர்ப்பையில் தொற்று, கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, சில மாத்திரைகள் (குறிப்பாக ஸ்டீராய்டு) என்று எதனால் வேண்டுமானாலும் நாய் வீட்டுக்குள் ஒண்ணுக்குப் போகலாம். உடம்பில் கோளாறு இருக்கும்போது பழக்குகிறேன் என்று நிற்பது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை.

மாதிரி பிடிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. வெளியே போகாத நாயிடம் எப்படிப் பிடிப்பது? படுக்கையறை வாசலில் ஒளிந்து நின்று, அவள் குந்தத் தொடங்கியதும் கழுவிக் காயவைத்த தட்டையான பிளாஸ்டிக் மூடி ஒன்றைப் பின்னாலிருந்து மெதுவாக நீட்டினேன். முதல்முறை பாதியில் எழுந்து ஓடிவிட்டாள். மறுநாள் காலை ஐந்து மில்லி கிடைத்தது, அதுவே போதும் என்றார் மருத்துவர். தரையில் தேங்கியதை உறிஞ்சி எடுத்துக் கொடுத்தால் தரை அழுக்கும் கிருமியும் சேர்ந்து முடிவைக் கெடுத்துவிடும். விழும்போதே பிடித்ததைச் சுத்தமான புட்டியில் ஊற்றி உடனே கொண்டுபோக வேண்டும், தாமதமானால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

சர்க்கரை இல்லை, ரத்தம் இல்லை, கிருமி இல்லை. அடர்த்தி எண் 1.036. தண்ணீருக்கு அது 1.000. நாய்க்கு 1.030க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று கொள்ளலாம் என்று விளக்கினார். வீட்டில் ஒரு நாள் முழுக்க அவள் குடித்த தண்ணீரை அளந்தும் பார்த்தேன். கிண்ணத்தில் ஊற்றிய கணக்கில் மீந்ததைக் கழித்தால் 750 மில்லி. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லியைத் தாண்டினால்தான் கவலை, அவள் எடைக்கு அது 1,400 மில்லி. உடம்பில் ஒன்றுமில்லை, சரி.

அன்று இரவே ஒரு நோட்டுப்புத்தகம் போட்டேன். நேரம், இடம், என்ன தரை, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தாள், அருகில் யார் இருந்தார்கள். கடைசிப் பத்தியை ஏதோ தோன்றித்தான் சேர்த்தேன், கடைசியில் அதுதான் வழியைக் காட்டியது. ஆறு நாளில் 23 தடவை. ஒரு பக்கம் இப்படி இருந்தது:

காலை 6:50. படுக்கையறை, கட்டிலடி. டைல்ஸ். நடை முடிந்து 5 நிமிடம். யாரும் இல்லை.
10:15. படுக்கையறை, பீரோ ஓரம். டைல்ஸ். தூங்கி எழுந்ததும். யாரும் இல்லை.
1:40. கூடத்து மூலை, நாற்காலிக்குப் பின்னால். டைல்ஸ். சாப்பிட்டு 25 நிமிடம். அம்மா சமையலறையில்.
மாலை 6:35. படுக்கையறை, கட்டிலடி. டைல்ஸ். நடை முடிந்து 10 நிமிடம். யாரும் இல்லை.

23-இல் 21 வழவழப்பான தரையில். கால்மிதியிலோ விரிப்பிலோ ஒன்றுகூட இல்லை. நாய்கள் சின்ன வயதில் எந்தத் தரையில் போகப் பழகினவோ அதையே கால் தேடும். சிட்டுவின் காலுக்கு மண்ணும் புல்லும் கழிப்பிடம் அல்ல, சிமெண்ட்தான் கழிப்பிடம். எங்கள் டைல்ஸ் அதற்கு நெருங்கிய சொந்தம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கடைசிப் பத்தி. "யாரும் இல்லை, யாரும் இல்லை, யாரும் இல்லை." 23 தடவையில் ஒன்றுகூட என் கண்ணெதிரே நடக்கவில்லை. நோட்டு போடும் முன் என் கண்ணெதிரே நடந்தவை இரண்டே இரண்டு. இரண்டும் நான் கத்துவதற்கு முந்தையவை. ஆள் பார்க்கும்போது விட்டால் ஆபத்து என்று அவள் புரிந்துகொண்டிருக்கிறாள். முன்பிருந்த இடத்தில் அடி வாங்கியிருக்கலாம், நானும் அதை உறுதிப்படுத்திவிட்டேன். நடைக்குப் போகும்போது கயிற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார்? நான். ஒன்றரை மீட்டர் தூரத்தில் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அப்புறம் எப்படி விடுவாள்? வீட்டுக்கு வந்து, கயிறு கழன்று, நான் கண்மறைந்த முதல் நிமிடத்தில் விடுகிறாள். இதைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். முகத்தைச் சிறுநீரில் தேய்த்தால் புத்தி வரும் என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நாய் அதிலிருந்து கற்றுக்கொள்வது மனிதர் இருக்கும்போது விடக்கூடாது என்பதை மட்டும்தான். பிறகு வெளியே கூட்டிப்போனாலும் விடாது.

பழக்குவதற்கு முன் வாடையை ஒழிக்க வேண்டியிருந்தது. அதுவரை பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். நமக்குப் பினாயில் வாசம்தான் வரும், அடியில் கிடக்கும் மூத்திர வாடை நாய்க்குத் தனியாகத் தெரியும். நம் மூக்கில் மோப்ப செல்கள் அரைக் கோடிக்குக் கொஞ்சம் மேல் என்றால் நாய்க்குப் பத்துக் கோடியையும் தாண்டும். போதாக்குறைக்குப் பினாயில் காலில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும்.

ஒரு யூவி டார்ச் வாங்கி, இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுத் தரையில் தவழ்ந்து பார்த்தேன். கட்டிலடியில் நான் துடைத்த இடம் போக, துடைக்காத இடங்கள் மங்கலான மஞ்சள் பச்சையில் ஒளிர்ந்தன. டைல்ஸ் இடுக்குகளில் கோடு கோடாக ஓடியிருந்தது. பீரோவின் கால், திரைச்சீலையின் கீழ் விளிம்பு, கூடத்தில் நாற்காலிக்குப் பின்னால் கையகலம். ஒளிர்வதெல்லாம் சிறுநீர் ஆகாது. சலவைத்தூள் பட்ட துணியும் ஒளிரும், அதனால் திரைச்சீலையைக் குனிந்து மோந்து உறுதி செய்துகொண்டேன். ஒவ்வொரு இடத்தையும் சாக்கட்டியால் வட்டமிட்டேன். பதினாறு வட்டம்.

சிறுநீரில் இருக்கும் யூரியா தண்ணீரில் கரைந்து போய்விடும். லேசில் கரையாத மிச்சம் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஈரம் ஏறும் நாட்களில் பழைய வாடை மறுபடி கிளம்புவது அதனால்தான். இதற்கென்று என்சைம் கலந்த திரவம் விற்கிறார்கள். வாங்கியும் முதல்தடவை வீணாக்கினேன், தெளித்து உடனே துடைத்துவிட்டேன். என்சைம் வேலை செய்ய நேரம் வேண்டும், அதுவரை ஈரம் காயக்கூடாது. இரண்டாம்தடவை முதலில் வெறும் தண்ணீரால் பினாயிலைக் கழுவி எடுத்தேன், பினாயில் மிச்சம் இருந்தால் என்சைமைக் கெடுத்துவிடும். பிறகு இடுக்கு நிறையும் அளவுக்கு ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, இரவு முழுக்க விட்டேன். திரைச்சீலையை ஊறவைத்தேன். இரண்டு நாள் இப்படிச் செய்தபின் டார்ச்சில் ஒளி குறைந்தது. அதைவிட முக்கியம், சிட்டு அந்த மூலைகளை மோந்துவிட்டுச் சும்மா நகர்ந்தாள்.

ஒரு எச்சரிக்கை. ப்ளீச்சிங் பவுடரையோ திரவ ப்ளீச்சையோ சிறுநீர் மேல் ஊற்றாதீர்கள். சிறுநீரில் உருவாகும் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுப்புகை வரும், மூடிய அறையில் நமக்கும் ஆபத்து நாய்க்கும் ஆபத்து. அம்மோனியா கலந்த துடைப்புத் திரவமும் வேண்டாம். அதன் வாடையே மூத்திரம் மாதிரிதான் இருக்கும், 'இங்கேதான் போகணும்' என்று நாமே எழுதிவைத்தது போல் ஆகிவிடும்.

நோட்டு போட்ட எட்டாம் நாள் பழக்கத் தொடங்கினேன். படுக்கையறைக் கதவை மூடிவைத்தோம். வீட்டுக்குள் நான் இருக்கும் நேரமெல்லாம் இரண்டு மீட்டர் கயிற்றின் ஒரு முனை அவள் பெல்ட்டில், மறுமுனை என் இடுப்பில். கணினியில் உட்கார்ந்தால் காலடியில் படுப்பாள், எழுந்தால் எழுவாள். "இடுப்புல புள்ளைய வச்சிக்கிட்டே வேலை பாக்குற மாதிரி இருக்குடா" என்றார் அம்மா. உண்மையில் அதேதான். காரணம் எளிது: கண்மறைவு கிடைத்தால் உள்ளே விடுவாள், எனவே உள்ளே கண்மறைவு கூடாது. வெளியே அதற்கு நேர்மாறு. அங்கே கண்மறைவை நான்தான் கொடுக்க வேண்டும்.

ஐந்து மீட்டர் நீளக் கயிறு ஒன்று எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் ஓரமாக ஒரு சிமெண்ட் தளம் உண்டு. அவள் கால் அறிந்த தரை. கூடத்தில் துடைத்த மூத்திரத் துணியைக் கழுவாமல் கொண்டுபோய் அங்கே தேய்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே வழி, அதே இடம். அங்கே போனதும் கயிற்றை முழுக்க விட்டுவிட்டு, முதுகைக் காட்டியபடி பக்கவாட்டில் நின்றுகொள்வேன். பேச்சில்லை, போனில்லை. பத்து நிமிடம் பார்ப்பேன், விடவில்லை என்றால் உள்ளே வருவோம். வந்ததும் கயிறு இடுப்புக்கு மாறும், பதினைந்து நிமிடத்தில் மறுபடி வெளியே. எழுந்ததும், சாப்பிட்டு இருபது நிமிடத்தில், விளையாடி முடித்ததும், படுக்கும் முன், இது போக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வளர்ந்த நாய் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும்தான். ஆனால் பழகும் காலத்தில் அதைச் சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை. நமக்கு வேண்டியது வெளியே கிடைக்கும் வெற்றி.

நடையின் வரிசையையும் மாற்றினேன். முன்பு நடந்து, நடந்து, 'எப்போ விடுவாள்' என்று காத்திருப்பேன். இப்போது பின்கட்டில் விட்டால்தான் நடை. இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. வெளியே விட்டதும் உடனே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால், விட்டால் ஊர்சுற்றல் முடிந்தது என்று நாய் கணக்குப் போட்டு அடக்கத் தொடங்கும். நடையே பரிசாக இருக்க வேண்டும்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோரு தடவை போனோம். உள்ளே இரண்டு தடவை விட்டாள், இரண்டும் நான் குளிக்கப் போனபோது. மறுநாள், அதாவது ஒன்பதாம் நாள், காலை 5:40. இன்னும் இருட்டு. ராத்திரி முழுக்க அடக்கியவள். தளத்தின் ஓரம் மூக்கை ஒட்டி மெதுவாகப் போனாள். ஒரு வட்டம், இன்னொரு வட்டம். நின்று என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கயிறு கையில் லேசாக இழுபட்டுத் தளர்ந்தது. பிறகு சத்தம் கேட்டது, சிமெண்டில் தண்ணீர் விழும் அந்தச் சத்தம். திரும்பவில்லை, வாய்திறக்கவில்லை. பாதியில் பாராட்டினால் பாதியில் நிறுத்திவிட்டு வந்துவிடும். சத்தம் நின்று, அவள் கால் எடுத்து வைத்த அந்த நொடியில் குனியாமல் கையை நீட்டி அவளுக்குப் பிடித்த தீனித் துண்டைக் கொடுத்தேன். "நல்ல பொண்ணு" என்று சொல்லும்போது என் தொண்டை அடைத்துக்கொண்டது. வாலை ஆட்டினாள். இதுவரை அவள் வாலை அவ்வளவு மேலே பார்த்ததில்லை. அப்படியே நடைக்குப் போனோம், ஒரு மணி நேரம்.

தீனி அந்த இடத்திலேயே, முடித்த ஓரிரு நொடிக்குள் கொடுத்தாக வேண்டும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதற்குப்பின் வேகமாகத்தான் போனது. அவள் குந்தும் நேரத்தில் "போயிட்டு வா" என்று மெல்லச் சொல்லிவந்தேன். மூன்றாம் வார இறுதியில் அந்தச் சொல்லைக் கேட்டே இடம் தேடத் தொடங்கினாள். கயிற்றை ஐந்து மீட்டரிலிருந்து மூன்று, அப்புறம் வழக்கமான ஒன்றரை என்று குறைத்தேன். தளத்திலிருந்து ஓரத்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து புல்லுக்கு நகர்த்தினேன். ஒவ்வொரு நகர்த்தலும் இரண்டடி தூரம்தான்.

நடுவில் தவறு நடக்காமல் இல்லை. உள்ளே குந்துவதைக் கண்டால் கைதட்டி "வா வா வா" என்று உற்சாகமாகக் கூப்பிட்டு வெளியே ஓடுவேன், மிச்சத்தை அங்கே விட்டால் தீனி. விட்டு முடித்த குளத்தைப் பிறகு பார்த்தால் ஒரு சொல்லும் சொல்லாமல் துடைத்துவிட்டு நோட்டில் எழுதுவேன். அவ்வளவுதான்.

சரிவராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். உறிஞ்சும் பேடு இரண்டு நாள் விரித்துப் பார்த்து எடுத்துவிட்டேன். வீட்டுக்குள் விடலாம் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வேண்டாம் என்று இன்னொரு பக்கம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாடிவீட்டில் இருப்பவர்களுக்கும், வயதான நாய்க்கும் பேடு கைகொடுக்கும். கூண்டு பலருக்குப் பலன் தருகிறது. எழுந்து நின்று, திரும்பி, நீட்டிப் படுக்கும் அளவுக்கு இருந்தால் போதும், அதைவிடப் பெரிதானால் ஒரு மூலையில் விட்டுவிட்டு மறுமூலையில் படுத்துக்கொள்ளும். சிட்டுவை உள்ளே விட்டு ஐந்து நிமிடத்தில் எச்சில் வடிய நடுங்கினாள். மூன்று வருடம் கட்டிக்கிடந்தவளை மறுபடி அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா விஷயம் தனி. அம்மா குனிந்து தலையைத் தடவினால் மட்டும் சிட்டு தரையோடு ஒட்டி, சில சொட்டு விட்டுவிடுவாள். இது பணிந்துபோவதன் அடையாளம், 'என்னை ஒன்றும் செய்யாதே' என்று சொல்வது. இதைக் கழிப்பிடப் பழக்கத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது, இங்கே அதட்டினால் இன்னும் அதிகம் விடும். அம்மாவிடம் சொன்னேன், மேலிருந்து தலையைத் தொட வேண்டாம், நாற்காலியில் பக்கவாட்டில் உட்காருங்கள், அவளே வரட்டும், வந்தால் தாடையின் கீழ் சொறிந்துவிடுங்கள் என்று. அம்மாவுக்கு அந்தப் பொறுமை என்னைவிட அதிகம். பத்து நாளில் நின்றுவிட்டது.

ஐந்தாம் வாரம். பன்னிரண்டு நாளாக உள்ளே ஒன்றுகூட இல்லை. திடீரென ஒரே மதியத்தில் கூடத்தில் மூன்று. அம்மா "மறந்துட்டா போல" என்றார். நோட்டைப் பார்த்தேன். முன்பெல்லாம் குளம், இப்போது தேக்கரண்டி அளவு. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டு தடவை எங்கள் முன்னாலேயே, கதவருகே. குந்திக்கொண்டே வெகுநேரம் முக்கினாள், பிறகு பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். வெள்ளைத் துணியால் துடைத்தேன், இளஞ்சிவப்பாக ஒட்டியது. அன்று மாலையே மருத்துவரிடம் போனோம். சிறுநீர்ப்பைத் தொற்று. கல் இருக்கிறதா என்று ஸ்கேனும் எடுத்தார், இல்லை. மருந்தைச் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் கொடுத்து முடிக்கச் சொன்னார். தண்ணீரைக் குறைக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு ஒருபோதும் கூடாது, இன்னும் குடிக்க வையுங்கள் என்றார். மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிட்டாள். நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் நானும் 'மறந்துட்டா' என்றுதான் நினைத்திருப்பேன், அவள் எரிச்சலோடு இன்னும் சில நாள் கிடந்திருப்பாள்.

அப்போதே அவர் இன்னொன்றும் சொல்லிவைத்தார். கருத்தடை செய்த பெண் நாய்க்குப் பின்னாளில் தூக்கத்தில் தானாகக் கசியும் கோளாறு வரலாம், படுத்த இடம் மட்டும் நனைந்திருக்கும், நாய்க்கே தெரியாது. அது பழக்கம் அல்ல, மாத்திரையில் கட்டுப்படும். அதனால் வாரம் ஒருமுறை அவள் படுக்கைத் துணியைத் தொட்டுப் பார்த்துவிடுகிறேன்.

ஆறாம் வாரம் படுக்கையறைக் கதவைத் திறந்தோம். திறக்கும் முன் அவள் படுக்கையைக் கட்டிலடியில், அந்தப் பழைய மூலையிலேயே போட்டேன். மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே வைத்தேன். வழியிருந்தால் எந்த நாயும் தான் உண்டு உறங்கும் இடத்தை நனைக்க விரும்பாது. முதல் நாள் நெடுநேரம் மோந்தாள். நான் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இப்போது ஏழாம் வாரம். இடுப்புக் கயிறு இல்லை. போக வேண்டும் என்றால் பின்கதவுக் கால்மிதியை முன்காலால் இரண்டு தடவை சுரண்டுகிறாள். அது நான் சொல்லிக்கொடுத்ததல்ல, அவளாகக் கண்டுபிடித்தது. இரவில் ஏழு மணி நேரம் தாங்குகிறாள்.

மழைதான் இன்னும் தீராமல் இருக்கிறது. ஈரத் தரையில் காலை வைத்ததும் பின்வாங்குகிறாள். தளத்துக்கு மேல் ஒரு தகரம் இறக்கலாமா என்று பார்க்கிறேன், அதுவரை குடைதான். நேற்று இரவு மழையில் குடையை அவள் மேல் பிடித்துக்கொண்டு நான் நனைந்தபடி நின்றேன். நோட்டில்: இரவு 10:20. பின்கட்டு, தளம். ஈரம். 11 நிமிடம் ஆனது. பக்கத்தில் நான்.